கார் பெட்ரோல் மூடி திறக்கவில்லையா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு இருக்கும் லிவரை இழுத்தால் ‘டக்’ என்று திறக்க வேண்டிய பெட்ரோல் மூடி, பெரும்பாலும் பங்கில் போய் நின்ற பிறகுதான் மக்கர் பண்ணும். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, அவசரத்தில் யாராவது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்பிவிடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே பழுதானது ஒரு சின்ன ஸ்பிரிங்காகவோ சேர்ந்துபோன அழுக்காகவோ இருக்கும். நெம்பிவிட்டால் மூடி வளைந்து, ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்து, அந்த இடத்தில் துருவும் ஏறிவிடும். பிறகு டிங்கரிங், பெயின்டிங் என்று செலவு எங்கோ போய்விடும்.

இங்கே சொல்வது கேபிளில் இயங்கும் மூடிக்கு. மாருதி, ஹூண்டாய் சின்ன கார்கள் பலவற்றில் இந்த அமைப்புதான். சென்ட்ரல் லாக்கோடு சேர்ந்து மின்சாரத்தில் இயங்கும் வகையைக் கடைசியில் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது

லிவரிலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, கதவுப் படியின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியிலும் பின்சீட்டின் ஓரத்திலுமாக டேங்க் மூடி வரை போகிறது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பின். அந்தப் பின்தான் மூடியின் உட்பக்கக் கொக்கியைப் பிடித்து வைத்திருக்கிறது. மூடியை வெளியே தள்ள ஒரு பட்டை ஸ்பிரிங் தனியாக உண்டு. லிவர் பின்னை உள்ளே இழுக்க மட்டும்தான் செய்யும். மூடியைத் திறப்பது ஸ்பிரிங். இது புரியாமல்தான் நல்ல கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லிவரை இழுத்துப் பிடிக்கட்டும். விடக் கூடாது. இன்னொருவர் மூடியின் ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை நுழைத்து மெதுவாக வெளியே இழுக்கட்டும்.

மூடி வந்துவிட்டால் கேபிளும் பின்னும் வேலை செய்கின்றன, ஸ்பிரிங்தான் பிரச்சினை. லிவர் கல்லு மாதிரி இறுக்கமாக இருந்தால் பின் துருவிலோ அழுக்கிலோ சிக்கியிருக்கிறது. லிவர் தடையே இல்லாமல் லொடலொடவென்று வந்தால் கேபிள் கழன்றிருக்கும் அல்லது அறுந்திருக்கும். லிவர் இழுபடுகிறது, ஆனால் மூடி அசையவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம். பின் முழுதாக உள்ளே போகாமல் ஒன்றிரண்டு மி.மீ. கொக்கியில் மாட்டிக்கொண்டே இருக்கும். மூடியை உள்ளங்கையால் உள்ளே அழுத்திக்கொண்டே லிவரை இழுத்துப் பாருங்கள். கொக்கியின் அழுத்தம் குறைவதால் பல நேரம் திறந்துவிடும்.

அவசரத்துக்குத் திறக்க

டிக்கியைத் திறந்து, பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்து உள்பக்கப் பலகையின் கிளிப்புகளைக் கழற்றி ஒதுக்குங்கள். டார்ச் அடித்தால் கேபிள் வந்து முடியும் பிளாஸ்டிக் கூடு தெரியும். கூட்டை ஒட்டிக் கேபிளின் கம்பி வெளியே தெரிந்தால் நோஸ் பிளேயரால் பிடித்து இழுக்கலாம். தெரியாவிட்டால் கூட்டையே கால் திருப்பு திருப்பிப் பாருங்கள். பல கார்களில் அது பாடியின் ஓட்டையில் திருப்பித்தான் மாட்டப்பட்டிருக்கும், கழன்று கையோடு வந்துவிடும். வராவிட்டால் பலம் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் காது உடைந்துவிடும்.

இனி எந்த வேலை செய்தாலும் உள் திருகுமூடி இறுக்கமாக இருக்கட்டும். வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். சிகரெட், டிரில்லிங் மெஷின், ஹீட் கன் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொறி போதும்.

ஸ்பிரிங்

பட்டை ஸ்பிரிங், கீல் பக்கமோ உட்குழியிலோ இருக்கும். அடிப்பாகத்தை ஒரு பிளேயரால் பிடித்துக்கொண்டு, நுனியை வெளிப்பக்கமாக 4, 5 மி.மீ. மட்டும் வளையுங்கள். அடியைப் பிடிக்காமல் வளைத்தால் கிளிப் உடையும். ஒரேயடியாக வளைத்தால் பட்டையே முறியும். ஸ்பிரிங் காணாமலே போயிருந்தால் புதுசு வாங்குங்கள், மலிவான பொருள்தான். அது வரும் வரை, அலமாரிக் கதவில் ஒட்டும் ரப்பர் பட்டன் ஒன்றை மூடியின் உட்பக்கம் கொக்கிக்குப் பக்கத்தில் ஒட்டலாம். தடிமன் அதிகமானால் மூடி பூட்டாது. ஆகவே மெல்லியதில் தொடங்குங்கள்.

சிக்கிய பின்

பெட்ரோல் சிந்தினால் கிரீஸைக் கரைத்துவிடும், டீசல் சிந்தினால் தூசியைப் பிடித்துப் பிசுக்காக்கும். இரண்டிலும் பாதிக்கப்படுவது இந்தப் பின்தான். டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரேயை மெல்லிய குழாய் மாட்டிப் பின்னின் மேல் அடித்து, 10 நிமிடம் ஊற விடுங்கள். விரலால் உள்ளே தள்ளித் தள்ளி விடுங்கள், பழைய பிரஷால் தேயுங்கள், துடையுங்கள். இதோடு நிறுத்தினால் சில வாரத்தில் மறுபடியும் அதே கதைதான். அந்த ஸ்பிரே அழுக்கை இளக்குவதற்கு, நிலைத்து நிற்கும் எண்ணெய் அல்ல. துடைத்த பிறகு பட்டாணி அளவு வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள்.

அப்படியே குழியின் அடியில் பாருங்கள். தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைத்திருந்தால் வாட்டர் வாஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் தேங்கி, துரு அங்கிருந்துதான் கிளம்பும். வளையக்கூடிய பிளாஸ்டிக் இழையால் குத்திவிடுங்கள். கூர்மையான கம்பி வேண்டாம், கீழே ரப்பர் குழாய் இருந்தால் கிழியும்.

கேபிள்

முதலில் லிவர் பக்கம் பாருங்கள். லிவர் மூடியைக் கழற்றினால் கேபிள் முனையில் குண்டு மாதிரி ஒரு நிப்பிள் இருக்கும். குழியிலிருந்து நழுவியிருந்தால் திரும்ப மாட்டினால் போதும். தளர்ந்திருந்தால் நிப்பிளுக்கும் லிவருக்கும் நடுவே, ஓரத்தில் வெட்டிய சின்ன வாஷர் ஒன்றைச் செருகுங்கள். இழுப்பு கொஞ்சம் கூடும். நிப்பிள் மட்டும் உடைந்திருந்தால் பைக் மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் ஸ்க்ரூ வைத்த நிப்பிளைப் போட்டு ஒப்பேற்றலாம். கம்பி அதில் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நடுவில் அறுந்திருந்தால் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும்:

1. கார் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா என்று சொல்லிக் கேபிள் வாங்குங்கள். பழையதோடு நீளத்தை ஒப்பிடுங்கள். பழைய மாடல் என்றால் சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.
2. கதவுப் படிப் பட்டையை மேல்நோக்கி இழுத்துக் கழற்றுங்கள், பின்சீட்டின் அடிமெத்தையைத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் தொடாதீர்கள். அது ஏர்பேக் வகையறா.
3. லிவர் பக்கம் பெரும்பாலும் இரண்டு கேபிள் இருக்கும், ஒன்று டிக்கிக்கு. எது எது என்று டேப் ஒட்டிக் குறியுங்கள்.
4. பழைய கேபிளின் வெளி உறையில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுபக்கம் வழியாக மெதுவாக இழுங்கள். கயிறு பாதையில் தங்கிவிடும்.
5. அதே கயிற்றில் புதுசைக் கட்டித் திரும்ப இழுங்கள். எங்கும் மடங்கக் கூடாது. மடங்கிய இடத்தில் கம்பி உரசி அறுந்துவிடும்.
6. கூட்டை மாட்டும்போது பின்னின் சரிவான முகம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் மூடி சாத்தாது.

மூடியிலேயே உடைசல்

உலோகக் கொக்கி வளைந்திருந்தால் நோஸ் பிளேயரால் மெல்ல நிமிர்த்துங்கள். உடைந்திருந்தால் அரால்டைட் போட்டு ஒட்டுவது தற்காலிகம்தான். உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, ஒரு ராத்திரி காய விட வேண்டும். பிளாஸ்டிக் கொக்கிகளில் பசை நிற்பது சந்தேகம், மூடியை மாற்றிவிடுவதே நல்லது. வெல்டிங் என்றால் மூடியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். வண்டியில் வைத்து யாரையும் வெல்டிங் அடிக்க விடாதீர்கள்.

மின்சார வகை

கதவுகளை லாக், அன்லாக் செய்யும்போது மூடிப் பக்கம் சின்ன மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் மேனுவலில் பார்த்து ஃபியூஸைச் சோதியுங்கள். கதவுகளும் பூட்டவில்லை என்றால் கோளாறு சென்ட்ரல் லாக்கில், மூடியில் இல்லை. சத்தம் கேட்டும் பின் நகரவில்லை என்றால் மோட்டார் யூனிட்டை மாற்ற வேண்டும். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். சில கார்களில் டிக்கிக்குள் அவசரத்துக்கென்றே ஒரு இழுகயிறு இருக்கும், மேனுவலில் போட்டிருப்பார்கள்.

எந்த வகையானாலும், வேலை முடிந்ததும் மூடியை உடனே சாத்திவிடாதீர்கள். திறந்து வைத்தபடியே ஒருவர் திறக்கும் லிவரையோ ஸ்விட்சையோ இயக்க, மற்றவர் பின் முழுதாக உள்ளே போய்த் திரும்புகிறதா என்று பார்க்கட்டும். சரியாக இருந்தால் சாத்தி, பத்து முறை திறந்து பாருங்கள். அதன் பிறகே டிக்கிப் பலகையையும் படிப் பட்டையையும் மாட்டுங்கள்.