மசாட்லானில் கப்பல் நின்றால், நீல நிறக் கோட்டின் வழியே நடங்கள்

மெக்சிகோவின் மசாட்லானில் உங்கள் சுற்றுலாக் கப்பல் நிற்கிறதா? உணவும் வரலாறும் சேர்ந்த சுற்றுலாவுக்குக் கப்பலிலேயே பணம் கட்டிவிடாதீர்கள். துறைமுக வாசலிலிருந்து தரையில் வரைந்திருக்கும் நீலக் கோட்டைப் பின்பற்றி நடந்தாலே பழைய நகரம் வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை எல்லாம் அங்கே அருகருகே இருப்பதால்தான் இது சாத்தியம். மச்சாடோ சதுக்கத்தை ஒட்டியே ஆங்கெலா பெரால்டா அரங்கு. 1883-இல் இதே ஊரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்த ஓபரா பாடகியின் பெயர் அது. அங்கிருந்து சிறிது தூரத்தில் பேராலயம், அதன் பக்கத்திலேயே பினோ சுவாரெஸ் சந்தை. சாப்பாட்டுக்குச் சந்தைப் பக்கம் போங்கள். எலுமிச்சைச் சாறும் பச்சைமிளகாயும் சேர்த்த அகுவாசிலே என்ற இறால் உணவு நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் இறால் வேகவைக்காதது. வயிறு லேசானவர்கள் மீன் வைத்து மடித்த ரொட்டியான மீன் டாக்கோவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோடை வெயிலிலும், நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தாலும் இந்த வழி சரிப்படாது. அப்போது புல்மோனியா என்கிற திறந்த டாக்சியில், கட்டணத்தைப் பேசி முடித்தபின் ஏறுங்கள். மசாட்லான் இருக்கும் சினலோவா மாநிலத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை இருக்கும் நாட்களில் தனியாக இறங்காமல் கப்பல் ஏற்பாட்டோடு போவதே நல்லது.