வீட்ல பிசிபி போட எந்த பேப்பர், எந்த ஷீட் வாங்கலாம்?

வீட்லயே பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் பாகங்களை வச்சு சால்டர் பண்ற காப்பர் போர்டு, போட ஆரம்பிக்கிறவங்க டிராக் (கரன்ட் போற காப்பர் கோடு) அங்கங்க பிஞ்சு வந்தா உடனே அயர்ன் பாக்ஸ் சூடு பத்தலன்னு நினைச்சு இன்னும் அஞ்சு நிமிஷம் வச்சு அழுத்துறாங்க, ஆனா பெரும்பாலும் பிரச்சனை பேப்பர்லயே ஆரம்பிச்சிருக்கும். டோனர் டிரான்ஸ்ஃபர், அதாவது பேப்பர்ல பிரிண்ட் எடுத்த டிசைனை அயர்ன் சூட்டுல காப்பர் போர்டு மேல ஒட்ட வைக்கிற முறைல, பேப்பருக்கு ரெண்டு வேலை, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர். பிரிண்டருக்குள்ள போறப்ப டோனரை உதிராம பிடிச்சுக்கணும், காப்பர் மேல ஒட்டினப்புறம் மொத்தமா விட்டுடணும். சாதா ஏ4 பேப்பர் முதல் வேலைய அருமையா செய்யும், ரெண்டாவதுல கவுத்துடும், ஏன்னா உருகின டோனர் பேப்பர் நாருக்குள்ள இறங்கி உக்காந்துக்கும். அதனால மேல ஏதாவது ஒரு பூச்சு இருக்குற பேப்பர்தான் வேணும், எந்தப் பூச்சுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

அதுக்கு முன்னாடி பிரிண்டர். இந்த முறைக்கு லேசர் பிரிண்டர் மட்டும்தான். டோனர்ங்கறது பிளாஸ்டிக் பொடி, சூட்டுல உருகி ஒட்டும், வேண்டாத காப்பரை அரிச்சு எடுக்குற ஃபெரிக் குளோரைடு அதை ஒண்ணும் பண்ணாது. இங்க்ஜெட் மை அயர்ன் வச்சாலும் உருகாது, தண்ணி பட்டா கரையத்தான் செய்யும். வீட்ல இங்க்ஜெட்தான் இருக்குன்னா கடைசில சொல்ற ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் ஷீட்) முறைக்கு நேரா போயிடுங்க.

முதல் தடவை பண்றவங்களுக்கு நான் சொல்றது ஆர்ட் பேப்பர், அதாவது கேட்லாக், நோட்டீஸ் எல்லாம் அடிக்கிற பளபள பேப்பர். சென்னைல பாரிஸ் பக்கம் ஆண்டர்சன் தெருல பேப்பர் கடைகள்ல கேட்டா கிடைக்கும், மத்த ஊர்ல விசிட்டிங் கார்டு அடிக்கிற டிஜிட்டல் பிரிண்ட் கடைல கேட்டுப் பாருங்க. 90ல இருந்து 130 ஜிஎஸ்எம் வரைக்கும் போதும், அதுக்கு மேல தடிமனா போனா சின்ன லேசர் பிரிண்டர் இழுக்கத் திணறும், அயர்ன் சூடும் உள்ள இறங்க நேரமாகும். இது மேல இருக்குறது களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மாதிரியான ஒரு வெள்ளைப் பூச்சு, டோனர் அது மேலயே நிக்கும், அப்புறம் தண்ணில ஊறினதும் பூச்சு இளகி பேப்பர் கழண்டு வந்துடும்.

கடைல நின்னுகிட்டே செக் பண்ணலாம். ஓரத்துல விரலை ஈரம் பண்ணி நல்லா தேய்ங்க, விரல்ல வெள்ளையா மாவு மாதிரி வந்தா அந்த பேப்பர் ஓகே. எவ்வளவு தேய்ச்சாலும் ஒண்ணும் வரல, தண்ணி மேலயே முத்து முத்தா நிக்குதுன்னா அது பிளாஸ்டிக் லேமினேஷன், வேண்டாம். பழைய வாரப்பத்திரிகையோட வழவழ பக்கமும் இதே டெஸ்ட்ல பாஸ் ஆகும், காசும் மிச்சம். ஆனா ரொம்ப மெல்லிசா இருக்கறதால பிரிண்டர்ல மாட்டும், ஒழுங்கா சதுரமா வெட்டி ஒவ்வொரு ஷீட்டா கையால விடணும். அதுல ஏற்கனவே அச்சாகி இருக்குற எழுத்து, படம் பத்தி கவலைப்பட வேண்டாம், பொதுவா அந்த மை காப்பர்ல ஒட்டாது.

போட்டோ பேப்பர்ல மட்டும் ரொம்ப உஷாரா இருங்க. இங்க்ஜெட்டுக்குன்னு விக்கிற கிளாஸி பேப்பர்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பேப்பர் மேல நேரா பூச்சு போட்டது, இது டோனர் டிரான்ஸ்ஃபருக்கு நல்லாவே வேலை செய்யும். இன்னொண்ணு ஆர்சி பேப்பர், ஸ்டூடியோ பிரிண்ட் மாதிரி ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருக்கும், லேசர் பிரிண்டர் ஃபியூசர் (டோனரை உருக்கி ஒட்டுற சூடான பகுதி) சூட்டுல அது உருகி ரோலர்ல சுத்திக்கிச்சுன்னா ஃபியூசரையே மாத்த வேண்டி வரும். மூலைல கொஞ்சம் கிழிச்சுப் பாருங்க. பேப்பர் மாதிரி நார் நாரா கிழிஞ்சா பரவால்ல, ஜவ்வு மாதிரி படலம் இழுத்துகிட்டு வந்தா லேசர் பிரிண்டர் பக்கமே கொண்டு போகக்கூடாது.

மஞ்சள் கலர்ல ஆன்லைன்ல விக்கிற டிரான்ஸ்ஃபர் பேப்பர் இந்த வேலைக்குன்னே வர்றது. மேல இருக்குற பூச்சு டோனரை சுலபமா விட்டுடும், தேய்க்கவே வேண்டாம், பேப்பர் சுலபமா கழண்டு வந்துடும், நாரும் ஒட்டியிருக்காது. 0.4 மில்லிமீட்டர் டிராக், எஸ்எம்டி ஐசி (ஓட்டை இல்லாம போர்டு மேலயே சால்டர் பண்ற சின்ன ஐசி) எல்லாம் போடணும்னா இதுக்கு செலவு பண்றது தப்பே இல்ல. ஆர்ட் பேப்பர்ல பண்ணும்போது 0.8ல இருந்து 1 மில்லிமீட்டர் வரைக்கும் டிராக் வச்சு டிசைன் பண்ணிக்கோங்க, நிம்மதியா இருக்கும்.

ஸ்டிக்கர் ஷீட்டை உரிச்சா அடில வர்ற வழவழ பேப்பரையும் நிறைய பேர் யூஸ் பண்றாங்க, அதுல சிலிக்கோன் பூச்சு இருக்கறதால டோனர் கிட்டத்தட்ட முழுசா காப்பருக்கு வந்துடும், தண்ணியே தேவையில்ல, ஆறினதும் உரிச்சா போதும். ஆனா பிரிண்ட் ஆகி வெளிய வந்ததும் விரல் பட்டாலே டோனர் அழியும், அயர்ன் பண்றப்ப ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் டிராக் எல்லாம் ஈஷிக்கும், அதனால முதல்ல தேய்க்காம அப்படியே மேல இருந்து அழுத்தி ஒட்டவிட்டுட்டு அப்புறம்தான் நகர்த்தணும். ஸ்டிக்கர் பாதி மிச்சம் இருக்குற ஷீட்டை பிரிண்டருக்குள்ள விடவே விடாதீங்க. அடுத்தவங்க கடை பிரிண்டர்ல இதைப் போடச் சொல்லி கேக்குறதும் நியாயம் இல்ல, டோனர் உள்ள உதிர்ந்தா அவங்க அடுத்த வேலைல கறை விழும். கடைல பிரிண்ட் எடுக்குறவங்களுக்கு ஆர்ட் பேப்பர்தான் சரி.

கடைல போய் ஜெராக்ஸ் போடச் சொல்லாதீங்க, பிடிஎஃப் ஃபைலா கொண்டு போய் லேசர் பிரிண்ட்னு கேளுங்க, ஜெராக்ஸ்ல அளவு லேசா மாற வாய்ப்பு இருக்கு. டோனர் சேவ் ஆஃப், டென்சிட்டி அதிகபட்சம், ஸ்கேல் சரியா 100 சதவீதம். ஃபிட் டு பேஜ் டிக் ஆகியிருந்தா மொத்தமும் சுருங்கிடும், அது கண்ணுக்குத் தெரியாது, அதனால கைல ஒரு 40 பின் ஐசியோ பெர்க் ஸ்டிரிப்போ (வரிசையா பின் இருக்குற பட்டை) எடுத்துட்டுப் போய் பிரிண்ட் மேல வச்சுப் பாருங்க, 2.54 மில்லிமீட்டர் இடைவெளில முதல் கால்ல இருந்து கடைசி கால் வரைக்கும் பேட் (கால் சால்டர் ஆகுற காப்பர் வட்டம்) மேல உக்காரணும். மிரர் விஷயத்துல குழம்பாம இருக்க ஒரே வழி, டிசைன் சாஃப்ட்வேர்ல பாட்டம் லேயர்னா (போர்டோட அடிப்பக்க காப்பர்) பிரிண்ட் அப்படியே எடுங்க, டாப் லேயர்னா (மேல்பக்க காப்பர்) மிரர் பண்ணுங்க, ரெண்டுலயும் பேப்பர்ல அந்த காப்பர் பக்கத்து எழுத்து இடம் வலமா மாறி கண்ணாடில தெரியுற மாதிரி இருந்தா சரி. பிரிண்ட் எடுத்த பக்கத்தைத் தொடாம கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க.

போர்டுல ரெண்டு வகை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சுலபமா கிடைக்கும். பிரவுன் கலர்ல இருக்குற பேப்பர் ஃபீனாலிக் விலை கம்மி, கை டிரில்லே போதும், ஆனா அயர்ன் சூட்டுல வளையும், அதிகம் சூடு பண்ணி சால்டர் பண்ணா பேட் உரிஞ்சு வரும். லேசான பச்சை மஞ்சள்ல இருக்குற கிளாஸ் எபாக்ஸி, அதாவது எஃப்ஆர்4, சூட்டைத் தாங்கும், டோனர் முறைக்கு இதையே வாங்குங்க, காப்பர் 35 மைக்ரான், தடிமன் 1.6 மில்லிமீட்டர் சாதாரணமா வர்றது. அயர்னுக்கு பதிலா லேமினேட்டர்ல விடப் போறீங்கன்னா 0.8 கேளுங்க. இதை அறுக்கும்போதும் டிரில் போடும்போதும் மாஸ்க் போடுங்க, வர்றது கண்ணாடித் தூள். காப்பரை ஸ்காட்ச் பிரைட் வச்சு தேய்ச்சுக் கழுவினதும் தண்ணி ஒரே படலமா நிக்கணும், திட்டுத் திட்டா விலகினா இன்னும் எண்ணெய்ப் பசை இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல எந்த பேப்பர் வச்சாலும் ஒட்டாது.

ஊறவச்சு பேப்பரை எடுத்தப்புறம் காய்ஞ்சதும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, ஐசி கால்களுக்கு நடுவுலயும் பேட் நடு ஓட்டைலயும் வெள்ளையா படிஞ்சிருக்கும். அது மேல ஃபெரிக் குளோரைடு இறங்காது, பழைய டூத் பிரஷ் வச்சு ஈரத்தோட எடுத்துடுங்க. டிராக் விட்ட எடத்துல பெர்மனன்ட் மார்க்கர்.

இனி ஓஎச்பி ஷீட். மெல்லிசான டிராக் வேணும், ஒரே போர்டை பல தடவை போடணும்னா டிரை ஃபிலிம் முறைதான் நல்லது, அதாவது வெளிச்சம் பட்டா கெட்டியாகுற ஒரு ஃபிலிமை காப்பர் மேல ஒட்டி, அது மேல ஓஎச்பி ஷீட் பிரிண்ட் வச்சு வெளிச்சம் காட்டுறது, இங்க்ஜெட் வச்சிருக்கிறவங்களுக்கும் இதுதான் வழி. ஷீட் வாங்கும்போது லேசருக்கா இங்க்ஜெட்டுக்கான்னு கேட்டு வாங்குங்க. இங்க்ஜெட் ஷீட் ஒரு பக்கம் சொரசொரப்பா இருக்கும், மை அந்தப் பக்கம்தான் நிக்கும், அதை லேசர்ல விட்டா உருகிடும். டிரை ஃபிலிம்ல வெளிச்சம் பட்ட எடம் கெட்டியாகி நிக்கும், அதனால டிராக் வெளிச்சம் போற மாதிரி தெளிவாவும் மத்த எடம் கறுப்பாவும் நெகட்டிவ் பிரிண்ட் எடுக்கணும். இவ்வளவு பெரிய கறுப்புல லேசர் டோனர் ஊசி ஓட்டை ஓட்டையா விடும், ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாலே தெரியும், ஒரே பிரிண்ட் ரெண்டு எடுத்து பேட் மேல பேட் வச்சு ஒட்டிக்கோங்க. மை இருக்குற பக்கம் ஃபிலிமைத் தொடணும், மேல கண்ணாடி வச்சு அழுத்தணும், இல்லன்னா வெளிச்சம் பக்கவாட்டுல நுழைஞ்சு டிராக் தடிச்சுடும்.

யூவி விளக்கோ வெயிலோ எதுவா இருந்தாலும் நேரத்தை யார்கிட்டயும் கேக்காம ஒரு துண்டு போர்டுல அட்டைய கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி டெஸ்ட் பண்ணி கண்டுபிடிங்க. டெவலப் பண்றதுக்கு, அதாவது வெளிச்சம் படாத ஃபிலிமைக் கரைச்சு எடுக்க, சலவை சோடா, லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் அளவு, ஆப்ப சோடா இல்ல. ஃபிலிம் ரெண்டு படலத்துக்கு நடுவுல இருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி உள்பக்க மெல்லிசு படலம், டெவலப் பண்றதுக்கு முன்னாடி மேல் படலம், ரெண்டையும் செலோடேப் ஒட்டி மூலைல இருந்து உரிக்கலாம். மிச்ச ரோலை கறுப்பு கவர்ல சுத்தி வெயில் படாத குளிர்ச்சியான எடத்துல வைங்க.