மெட்டல் டிடெக்டர் காயில்ல எந்த ஒயர் எதுக்குன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

செகண்ட் ஹேண்ட்ல ஒரு டபுள்-டி காயில் (D வடிவத்துல ரெண்டு சுருள், ஒண்ணு சிக்னல் அனுப்பும், இன்னொண்ணு வாங்கும்) வாங்கினேன். பிளக் இல்லாம, கேபிளை நறுக்கிட்டு குடுத்துட்டாங்க. உள்ள நாலு ஒயர், அதைச் சுத்தி ஒரு பின்னல் ஷீல்டு. கலரைப் பார்த்து மாட்டிடாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும்.

ஸ்டெப் 1: ஒயர் நுனியைச் சீவி ஈயம் வச்சுக்கோங்க. மல்டிமீட்டரை 200 ஓம்ல வச்சு ரெண்டு புரோபையும் ஒட்டிப் பாருங்க, 0.4 மாதிரி ஏதாவது காட்டும், வர்ற ரீடிங்ல எல்லாம் அதைக் கழிச்சுக்கணும். இதுக்கு அந்த மஞ்சக் கலர் சீப் மீட்டரே போதும், ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் யோசிச்சு யோசிச்சு காட்டுறதுக்குள்ள எனக்கு பொறுமை போயிடுது.

ஸ்டெப் 2: ரெண்டு ரெண்டா அளங்க. நாலு ஒயர்னா ஆறு ஜோடி வரும், அதுல ரெண்டு ஜோடி மட்டும்தான் ரீடிங் காட்டும். எனக்கு ஒண்ணு 1.6 ஓம், இன்னொண்ணு 34 ஓம். கம்மியா இருக்கிறது டிரான்ஸ்மிட் (அனுப்புற சுருள்), அதுல கரண்ட் நிறைய ஓடணும்னு தடிமனான கம்பில கொஞ்சம் சுத்துதான் சுத்தியிருப்பாங்க. மத்தது ரிசீவ் (வாங்குற சுருள்). ஷீல்டு எதோடயும் சேராம இருக்கலாம், இல்ல ரிசீவோட ஒரு முனையில சேர்ந்திருக்கலாம். சேர்ந்திருந்தா அந்த முனைதான் கிரவுண்டு.

ஸ்டெப் 3: ரிசீவ்ல எது பிளஸ் எது மைனஸ்? என்னைய ரெண்டு நாள் உக்கார வச்சது இதுதான். டிரான்ஸ்பார்மருக்கு பண்ற மாதிரி ஒரு பக்கம் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்து மறுபக்கம் மீட்டர் முள்ளு எந்தப் பக்கம் துள்ளுதுன்னு பார்த்தேன், துள்ளவே இல்ல, காயில் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடப் போயிட்டேன். அப்புறம்தான் உறைச்சுச்சு: ரெண்டு சுருளும் ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணுல விழாத மாதிரி பார்த்து மேல மேல ஏத்தி வச்சு எபாக்சி ஊத்தியிருக்காங்க, அப்புறம் எப்படி துள்ளும்? துள்ளாம இருந்தாத்தான் நல்ல காயில். (அதனால மூடியைப் பிரிச்சு உள்ள நோண்டாதீங்க, ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பேலன்ஸ் போயிடும்.)

வழி ரொம்ப சிம்பிள். ஏதோ ஒரு பக்கமா மாட்டுங்க, ஒரு இரும்பு ஆணியையும் ஒரு பித்தளைச் சாவியையும் மாத்தி மாத்தி காட்டுங்க. டிடெக்டர் இரும்பை ஒதுக்கிட்டு பித்தளைக்குத்தான் கத்தணும். ஆணிக்கு கத்தி சாவிக்கு சும்மா இருந்தா ஃபேஸ் 180 டிகிரி திரும்பி இருக்கு, அதாவது சிக்னல் தலைகீழா வருது, ரிசீவ் ஒயர் ரெண்டை மட்டும் மாத்திப் போடுங்க (ஷீல்டு ரிசீவோட சேர்ந்திருந்தா டிரான்ஸ்மிட் ரெண்டை மாத்துங்க). நான் சாவிக்குப் பதிலா ஒரு ரூபாய் காசை வச்சு டெஸ்ட் பண்ணி இன்னும் குழம்பினேன், இப்ப இருக்கிற ஒரு ரூபாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்துல ஒட்டும்!

இன்னொண்ணு, ஸ்டீல் கட்டில் மேல வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. 1881-ல அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு உடம்புல இருந்த குண்டைத் தேட கிரகாம் பெல் இதே தத்துவத்துலதான் ஒரு கருவி செஞ்சாரு, மெத்தைக்கு அடியில இருந்த இரும்பு ஸ்பிரிங் அவரையே குழப்பிடுச்சு. நான் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு மாறிட்டேன்.

ஸ்டெப் 4: ஷீல்டை டிடெக்டர் பாக்ஸ் பக்கம் மட்டும் கிரவுண்டு பண்ணுங்க. பிளக்குக்கு ஜிஎக்ஸ்-16 அஞ்சு பின் என் சாய்ஸ், திருகு இருக்கிறதால கழண்டு விழாது. சால்டர் பண்றதுக்கு முன்னாடியே ஒயர்ல இன்சுலேஷன் ஸ்லீவ் கோத்துடுங்க, நான் ஒவ்வொரு தடவையும் மறந்துட்டு திரும்ப கழட்டுறேன்.

அப்டேட்: ரெண்டே ஒயர்தான் இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. அது பெரும்பாலும் பல்ஸ் இண்டக்‌ஷன் காயில், ஒரே சுருள்தான் அனுப்பும், அதுவே வாங்கும். வீட்லயே சுத்தலாம்: 25 செ.மீ. விட்டம், 25 கேஜ் எனாமல் கம்பி, 22 சுத்து, சுமார் 300 மைக்ரோஹென்றி, ஒண்ணரை ஓம் வரும். ஷீல்டுக்கு அலுமினிய ஃபாயில் சுத்துறவங்க முழு வட்டமா மூடிடாதீங்க, ஒரு விரல் அளவு இடைவெளி விடணும், இல்லன்னா ஃபாயிலே ஷார்ட் ஆன ஒரு சுத்தாயிடும்.

புதையல் கிடைச்சா என்ன பண்ணணும்னு கேட்டவருக்கு: 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டர்கிட்ட சொல்லியாகணும். எனக்கு இதுவரைக்கும் சோடா மூடிதான்.