வீட்டைப் பூட்டும் முன் ஸ்டேஷனில் சொல்லுங்கள்

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஊருக்குப் போகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: காவல் நிலையத்தில் ஒரு தாளில் கதவு எண், போகும் நாள், திரும்பும் நாள், பக்கத்து வீட்டுக்காரர் செல்போன் எண் எழுதிக் கொடுங்கள். இரவு ரோந்து வரும் காவலருக்கு எந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

அப்புறம் பால், பேப்பரை நிறுத்துங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் கோலம் போடச் சொல்லுங்கள். போன வருடம் எங்கள் தெருவில் நாலு நாளாகக் கோலமில்லாத வீட்டைத்தான் திருடர்கள் உடைத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேமராவைத் தெருவைப் பார்த்து, வண்டி எண் தெரியும்படி மாட்டுங்கள். பதிவாகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

யார் மேலாவது சந்தேகமா? போலீசுக்கு 100 அல்லது 112-ல் போன் செய்யுங்கள். யாரையும் நீங்களே பிடித்து அடிக்காதீர்கள்.