கடற்புல்லைக் காப்பாத்தணுமா, நடுறதுக்கு முன்னாடி எண்ணிப் பழகுங்க

போன வாரம் ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, மரம் நடுற மாதிரி கடற்புல்லையும் கொண்டு போய் நட்டுட்டா என்ன?"ன்னு. நல்ல மனசுல கேட்டது தான், ஆனா நடுறது கடைசி வேலை. உலகம் முழுக்க நடந்த 1,700க்கு மேல நடவு முயற்சிகளை 2016ல ஆராய்ச்சியாளர்கள் சேர்த்து வச்சுப் பார்த்தாங்க, பிழைச்சது சராசரியா 37 சதவீதம் தான். மொதல்ல புல்லு எதனால செத்துச்சோ, கலங்குன தண்ணியோ சேறோ, அது அப்படியே இருந்தா புதுசா நட்டதும் சாகத்தான் செய்யும். சிங்கப்பூர்ல இருந்த கடற்புல்லுல 50 வருஷத்துல சுமார் 45 சதவீதம் போயிடுச்சு, கடலைத் தூர்த்து நிலமாக்குனது இதுல பெரிய காரணம். மிச்சம் இருக்கறதை கண்ணுல வச்சுப் பார்த்துக்கணும், அதுக்கு என்னென்ன செய்யலாம்னு எழுதுறேன்.

கடற்புல்லு பாசி இல்ல, வேரு, இலை, பூ, விதை எல்லாம் இருக்கற செடி. நம்ம கரையில 12 வகை பதிவாகியிருக்கு. சாங்கி பீச்ல தொடங்குங்க, ஸ்பூன் மாதிரி குட்டி இலையோட மண்ணோட ஒட்டிக் கெடக்குமே அது ஹாலோஃபிலா ஓவாலிஸ். உபின் தீவுல இருக்கற செக் ஜாவா கரை, செமாக்காவ் தீவு பக்கம் ரிப்பன் மாதிரி ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்றது என்ஹாலஸ். அதோட ஆண் பூ பிச்சுக்கிட்டு தண்ணி மேல மிதந்து வரும், பார்த்தா தெர்மோகோல் பொடி மாதிரியே இருக்கும், குப்பைன்னு நெனச்சு அள்ளிடாதீங்க!

எப்ப போறதுன்னா, அலை அட்டவணையப் பார்த்து 0.3 மீட்டர் இல்ல அதுக்கும் கீழ தண்ணி வத்துற நாளா எடுங்க. வருஷ நடுவுல அது விடியறதுக்கு முன்னாடி வரும், வருஷக் கடைசியில சாயங்காலம். மூடுன ஷூ கட்டாயம், திருக்கையும் கல்மீனும் மணலுக்குள்ள தான் படுத்திருக்கும். தனியா போகாதீங்க, தண்ணி ஏற ஆரம்பிச்சா உடனே கரைக்கு வந்துடுங்க.

இப்ப எண்ணுற வேலை. 2007 வாக்குல இருந்து டீம்சீகிராஸ்னு தன்னார்வலர்கள் இதைச் செஞ்சுட்டு வர்றாங்க, அந்த மாதிரி ஒரு குழுவோட சேர்ந்து கத்துக்கறது தான் சரி. 50 மீட்டர் அளவு டேப் மூணு, ஒண்ணுக்கொண்ணு 25 மீட்டர் தள்ளி, கரையில இருந்து கடல் பக்கமா விரிப்பாங்க. 5 மீட்டருக்கு ஒரு தடவை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைக்கணும், டேப்புக்கு 11, மொத்தம் 33. சட்டத்துக்குள்ள எத்தனை சதவீதம் புல்லு, எந்த வகை, இலை எவ்ளோ உயரம், பாசி எவ்ளோன்னு எழுதணும். மொதல் நாள் நான் ஒரு சட்டத்துக்கு 60னு சொன்னேன், கூட இருந்த அக்கா இலையெல்லாம் ஒரு மூலையில ஒதுங்கியிருந்தா எவ்ளோ இடம் புடிக்கும்னு யோசிச்சுப் பாருன்னாங்க, மறுபடி பார்த்தா 25 கூட தேறல. அதனால குறிப்பு அட்டையில இருக்கற மாதிரிப் படத்தோட ஒப்பிட்டுட்டுத் தான் எழுதணும், குழு சொல்ற சட்டங்களை நேர் மேல இருந்து போட்டோவும் எடுக்கணும். திரும்பத் திரும்ப அதே இடத்துல எண்ணுனா தான் குறையுதா கூடுதான்னு தெரியும்.

இதெல்லாம் வீண் வேலைன்னு யாராச்சும் சொன்னா செக் ஜாவாவைக் காட்டுங்க. அதைத் தூர்க்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தன்னார்வலர்கள் இறங்கி அங்க என்னென்ன உயிர் இருக்குன்னு பதிவு பண்ணாங்க, ஜனங்க கடிதம் எழுதுனாங்க, 2001 டிசம்பர்ல அந்தத் திட்டத்தை ஒத்தி வச்சாங்க. இன்னிக்கும் அங்க புல்லு இருக்கு.

நடக்கும்போது குனிஞ்சு பாருங்க, ஸ்பூன் புல்லுக்கு நடுவுல ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு வழிச்செடுத்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போனா அது கடல் பசு மேய்ஞ்ச தடம். ராமநாதபுரம் பக்கத்துல ஆவுளியான்னு சொல்லுவாங்களே, அதே தான். மிதிக்காம, பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறிச்சு குழுகிட்ட குடுங்க.

ஸ்கூல் லீவுல குடும்பமா வாளியும் மண்வெட்டியுமா வந்து தோண்டுறவங்களைப் பார்ப்பீங்க. 2021 ஜூன்ல சாங்கியில கூட்டம் ரொம்பவே அதிகமா இருந்துச்சு. சண்டை போடாதீங்க, பிள்ளைங்களைக் கூப்பிட்டு ஒரு நண்டைக் காட்டி, புல்லு மேல நடக்காம மணல் திட்டு வழியா எப்படிப் போறதுன்னு சொல்லிக் குடுங்க, பெத்தவங்க தானா பின்னாடி வருவாங்க. விட்டுட்டுப் போன வலை கெடந்தா தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரியப்படுத்துங்க.

நடவுன்னு வந்தா அனுமதியோட, விஞ்ஞானிகள் கூட மட்டும் தான், நீங்களா ஒரு செடியக் கூட புடுங்கிடாதீங்க. அமெரிக்காவுல வர்ஜீனியா கரையில 1999ல இருந்து 20 வருஷமா 7 கோடிக்கு மேல விதை தூவித் தான் 3,600 ஹெக்டேர் புல்வெளிய மீட்டாங்க, தண்ணி சுத்தமா இருந்ததால தான் அது நடந்துச்சு.

கரை ஏறுனதும் மொத வேலையா எழுதுன தாளை போட்டோ எடுத்து குழுவுக்கு அனுப்பிடுங்க, ஈரத்துல கையெழுத்து அழிஞ்சா அந்த நாளே போச்சு. அப்புறம் ஷூவைக் கழுவிட்டு சாங்கி வில்லேஜ்ல போய் சாப்பிடுங்க.