ஒரு சின்னத் தீவை நாமே வரைபடமாக்குவது எப்படி

பெரிய கம்பெனிகளின் வரைபடத்தில் ஒரு சின்னத் தீவைத் தேடிப் பாருங்கள். நீலத்துக்கு நடுவே ஒரு வெளிறிய திட்டு இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சாலை, ஒரு பெயர், அதுவும் எழுத்துப்பிழையோடு. அங்கே விளம்பரம் கொடுக்க ஆளில்லை, டாக்சி கூப்பிட ஆளில்லை, அப்புறம் யார் மெனக்கெட்டு வரையப் போகிறார்கள்? தன்னார்வலர்கள் சேர்ந்து இணையத்தில் வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (இனி ஓஎஸ்எம்) அந்த வெற்றிடத்தை நீங்களே நிரப்பலாம். காசு கிடையாது, வரைந்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் இது. 2006 மே மாதம் ஒரு வார இறுதியில் தன்னார்வலர்கள் ஜிபிஎஸ் கருவிகளோடு ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போய், தெருத் தெருவாகச் சுற்றி வரைந்தார்கள். இந்தத் திட்டத்தின் முதல் பெரிய கூட்டு வரைவு ஒரு தீவில்தான் நடந்தது. காரணம் எளிது: ஊர் எங்கே முடிகிறது என்று சண்டை போட வேண்டியதில்லை, கடல் வந்தால் முடிந்தது. எவ்வளவு வேலை, எவ்வளவு பாக்கி என்று கையில் எண்ணிவிடலாம். நாலைந்து பேர் இருந்தால் ஒரு சின்னத் தீவை சில வாரங்களில் உருப்படியாக முடிக்க முடியும். அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு நான் நகரத்தைவிடத் தீவைச் சொல்வேன்.

கணக்கு தொடங்கியதும் உடனே வரைய உட்கார வேண்டாம். முதலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், பழைய மங்கலான படத்தைப் பார்த்துக் கரையை ஏற்கெனவே தோராயமாக வரைந்து வைத்திருப்பார். அதை அழிக்காதீர்கள், திருத்துங்கள். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் (புள்ளி, கோடு, கட்டடம் எதுவானாலும்) வரலாறு இருக்கிறது, கடைசியாகத் தொட்டவர் யார் என்று தெரியும், அவருடைய மாற்றத்தின் கீழேயே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக உதவுவார்கள்.

இன்னொன்று, இதில் சமரசமே கிடையாது: கூகுள் வரைபடத்தையோ வேறு காப்புரிமை உள்ள வரைபடத்தையோ பார்த்து எதையும் எடுக்கக் கூடாது. கோடு மட்டுமல்ல, ஒரு தெருப் பெயரைக்கூட. ‘சும்மா சரிபார்க்கத்தானே’ என்று ஆரம்பிப்பதுதான் கடைசியில் மொத்த உழைப்பையும் நீக்க வைக்கும். 2012 முதல் ஓஎஸ்எம் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது; உள்ளே வருவதும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். வரைவதற்கான மென்பொருளான எடிட்டருக்குள்ளேயே பின்னணியாக வரும் பிங், எஸ்ரி செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைய அனுமதி இருக்கிறது, அவை போதும். அரசு வரைபடம் கிடைத்தால் அதன் உரிமத்தைப் படியுங்கள், புரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கரைக்கோடு

தீவு வரைவதில் பாதி வேலை இதுதான், தப்பு நடப்பதும் இங்கேதான்.

கணினியில் வரைய இரண்டு வழி. உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டர் தொடக்கத்துக்கு நல்லது. ஜோசம் என்பது தனியாக நிறுவ வேண்டிய மென்பொருள், பார்க்க விமானி அறை மாதிரி இருக்கும், ஆனால் கரைக்கோடு போன்ற நீண்ட வேலைக்கு அதுதான் சௌகரியம்.

ஓஎஸ்எம்மில் கரைக்கோட்டுக்கு ஒரு விதி உண்டு: கோடு போகும் திசையில் நிலம் இடது பக்கம், நீர் வலது பக்கம். அப்படியானால் ஒரு தீவை எப்போதும் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வரைந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். நான் முதல்முறை வலஞ்சுழியாகச் சுற்றிவிட்டு, ஒரு மணி நேர உழைப்பைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். விதிப்படி அந்தக் கோட்டுக்கு அர்த்தம், தீவுக்குள் கடல், தீவைச் சுற்றி நிலம். நல்லவேளை, அழித்து வரைய வேண்டியதில்லை, கோட்டைத் தேர்ந்தெடுத்துத் திசையைத் திருப்பும் கட்டளையைக் கொடுத்தால் போதும். ஐடி எடிட்டரில் கரைக்கோட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன முக்கோணங்கள் தெரியும், அவை கடல் பக்கம் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கோட்டில் 2000 புள்ளிகளுக்கு மேல் வைக்க முடியாது. கரை நெளிவு சுளிவாக நீண்டால் பல துண்டுகளாக்கி, ஒன்றின் முடிவுப் புள்ளியே அடுத்ததன் தொடக்கமாக, எல்லாம் ஒரே திசையில் போகும்படி இணையுங்கள்.

சரி, கரை எது? அலை வந்து போகும் இடத்தில் எந்த நொடியை வரைவது? செயற்கைக்கோள் படம் எடுத்தபோது கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்று படத்தில் எழுதியிருக்காது. ஓஎஸ்எம் எடுத்துக்கொள்வது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தின் (கடலேற்றத்தின்) சராசரி உயர்மட்டத்தை. படத்தில் அதை நீரின் விளிம்பாகத் தேடாதீர்கள், மணலைப் பாருங்கள். ஈரமான கருத்த மணல் ஒரு பட்டை, அதற்கு மேலே வெளிறிய காய்ந்த மணல், இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் கடல் ஒதுக்கிய பாசியும் குச்சியும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகக் கிடக்கும். அந்தக் கோடுதான் நமக்கு வேண்டியதற்கு மிக அருகில் இருப்பது. பாறைக் கரையில் நிறம் மாறும் இடத்தைப் பாருங்கள். அலையாத்திக் காடு இருந்தால் நீர் விளிம்பே தெரியாது, வெவ்வேறு பின்னணிப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் நேரில் போய்த்தான் முடிவு செய்ய வேண்டும். கடல் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுப் பரப்பு, பாறைத் திட்டு எல்லாம் கரைக்கோட்டுக்கு வெளியே தனித்தனிப் பொருள்களாக வரையப்பட வேண்டியவை. அவற்றையும் சேர்த்துத் தீவைக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

வரையத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று, மறந்துவிடுவார்கள்: பின்னணிப் படம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. சின்னத் தீவுகளில் படம் பல மீட்டர் தள்ளி இருப்பது சகஜம், பிங் ஒரு பக்கம் இழுக்கும், எஸ்ரி இன்னொரு பக்கம் இழுக்கும். போனில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டு, திறந்த வெளியில் ஒரே பாதையைப் போகவும் வரவும் நடங்கள். திறந்த வானத்தின் கீழ் போன் சில மீட்டர் துல்லியம் தரும், இரண்டு தடங்களும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் நம்பலாம். அந்தத் தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பை எடிட்டர் சன்னலில் இழுத்துப் போட்டு, படத்தில் தெரியும் பாதை உங்கள் தடத்தின் மேல் வந்து உட்காரும்வரை படத்தை நகர்த்துங்கள். ஐடி எடிட்டரில் பின்னணிப் பலகத்தின் கீழேயே இதற்கான இடம் இருக்கிறது. குழுவில் எல்லோரும் அதே அளவு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் வரைந்த வீட்டுக்கு நடுவே இன்னொருவர் வரைந்த சாலை போகும்.

கரைக்கோட்டைச் சேமித்ததும் பிரதான வரைபடத்தில் எதுவும் மாறியிருக்காது. பயப்படாதீர்கள். சாலை, வீடு எல்லாம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், கரைக்கோடு மட்டும் தனியாக உலகம் முழுவதற்கும் சேர்த்துப் பதப்படுத்தப்படுவதால் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், எங்காவது அறுந்திருந்தால் இன்னும் தாமதம். இது தெரியாமல் அதே கரையை இரண்டு முறை, மூன்று முறை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தீவுக்குள்

இது கொஞ்சம் வேகமாகப் போகும். வண்டி போகும் சாலை, மண்பாதை, ஒற்றையடிப் பாதை, இவற்றை வகை பிரித்து வரையுங்கள். சந்திக்கும் இடங்களில் ஒரே புள்ளியைப் பகிர வேண்டும், மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் வழிகாட்டும் செயலிகளுக்கு அது சந்திப்பு கிடையாது. வீடுகளைக் கூரையின் ஓரத்தில் வரையாமல் அடித்தளத்தில் வரையுங்கள், படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் கூரை தள்ளித் தெரியும். நான்கு மூலை வைத்துவிட்டு க்யூ விசையை அழுத்தினால் ஐடி எடிட்டர் மூலைகளைச் சதுரமாக்கிவிடும்.

படகுத்துறையை வரைந்ததோடு நிறுத்தாதீர்கள். தீவுக்குப் பயணிகள் படகு ஓடினால் அந்தக் கடல்வழியையும் ஒரு கோடாக வரைந்து, ‘ஃபெர்ரி’ என்று வகைப்படுத்தி, இரண்டு முனையிலும் சாலையோடோ பாதையோடோ இணைக்க வேண்டும். ஒரு முனையில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டாலும், செயலியிடம் வழி கேட்டால் போக வழியே இல்லை என்று சொல்லும்.

கால் நடையாக

மேலிருந்து எடுத்த படத்தில் கிணறு தெரியும், அதன் தண்ணீர் குடிக்கலாமா என்று தெரியாது. கட்டடம் தெரியும், அது பள்ளியா கிட்டங்கியா என்று தெரியாது. அதற்கு நடக்கத்தான் வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘இந்தச் சாலையின் தளம் என்ன?’, ‘இந்தக் கட்டடம் எத்தனை மாடி?’ என்று அது கேட்கும், நீங்கள் பதிலைத் தொட வேண்டியதுதான், ஒரு பொருள் என்ன வகை என்று சொல்லும் ஓஎஸ்எம்மின் குறிச்சொல் எதுவும் தெரிய வேண்டாம். எவ்ரிடோர் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு, கடைகளையும் வசதிகளையும் சேர்க்க அது வசதி. தீவில் சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இணையம் இருக்கும் இடத்திலேயே அந்தப் பகுதியின் தரவை இறக்கிக்கொண்டு, திரும்பி வந்து பதிவேற்றுங்கள். எனக்கு இன்னும் பிடித்த கருவி காகிதம்தான். வரைந்தவரைக்கும் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போனால், போனை எட்டிப் பார்க்காத ஆள்கூட வந்து விரல் வைத்து, ‘இது தப்பு, இந்தப் பாதை இந்தப் பக்கம் இறங்கும்’ என்று சொல்வார்.

பெயர்கள் அப்படித்தான் கிடைக்கும். பலகை இருக்கும் இடத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பலகை இல்லாத பாறைக்கும், சின்ன வளைகுடாவுக்கும், கரை மூக்குக்கும்தான் நிறையப் பெயர் இருக்கும். பேச்சுக்கு, ஒரு பாறையைக் காட்டி வீட்டில் இருப்பவரிடம் கேட்டால் யானைப்பாறை என்பார், ஏனென்றால் கரையிலிருந்து பார்த்தால் முதுகு மாதிரி தெரிகிறது. கடலுக்குப் போகிறவர் அதையே இரட்டைப்பாறை என்பார், ஏனென்றால் படகிலிருந்து பார்த்தால் நடுவே பிளவு தெரிகிறது. இருவரும் சரி. அதிகம் பேர் சொல்வதை முதன்மைப் பெயராகவும் மற்றதை மாற்றுப் பெயராகவும் பதியுங்கள், ஓஎஸ்எம்மில் பழைய பெயருக்கும் தனி இடம் உண்டு, ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் உண்டு. ஒரே ஆளிடம் கேட்டு எழுதாதீர்கள், இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள். உச்சரிப்பைப் போனில் பதிவு செய்துகொண்டால் அப்புறம் எழுத்துக்கூட்டலில் குழப்பம் வராது, ஆனால் பதிவு செய்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

எதை வரையக் கூடாது என்பதும் அங்கே இருப்பவர்களிடம் கேட்க வேண்டியதுதான். தனிவீட்டின் மேல் குடியிருப்பவர் பெயரை எழுதக் கூடாது. கடல் ஆமையோ பறவையோ முட்டையிடும் சரியான இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டுவது வேட்டைக்காரனுக்கு வழி சொல்வது மாதிரி, நான் வைக்க மாட்டேன். வெளியார் வர வேண்டாம் என்று அவர்கள் நினைக்கும் இடம் ஏதாவது இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், வரைபடத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

வேலையைப் பங்கு போடும்போது தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள், கரைக்கோட்டை மட்டும் ஒரே ஆளிடம் விடுங்கள். மாற்றங்களைச் சின்னச் சின்னதாகச் சேமியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘திருத்தம்’ என்று எழுதாமல் ‘வடக்குக் கரையில் படகுத்துறையும் பாதையும் சேர்த்தேன், நேரில் பார்த்தது’ என்கிற அளவுக்காவது குறிப்பு எழுதுங்கள். ஜோசமில் பதிவேற்றும் முன் அதன் சரிபார்ப்பான் ஓடும், அது காட்டும் பிழைகளை, முக்கியமாகக் கரைக்கோடு பற்றியவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

வரைந்தது கைக்கு வர, போனில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இணையம் இல்லாமலே வேலை செய்யும். அவற்றின் வரைபடக் கோப்பு உடனுக்குடன் மாறாது, அடுத்த பதிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும். பெரிதாக அச்செடுத்துப் படகுத்துறையில் ஒட்டுவதானாலும் தடையில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஓரத்தில் ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட்டால் சரி.

மணல் திட்டுள்ள தீவு என்றால் ஒரு புயல் போதும், தெற்கு முனை இடம் மாறியிருக்கும், படகுத்துறையில் பாதி காணாமல் போயிருக்கும். புதிய செயற்கைக்கோள் படத்துக்குக் காத்திருக்க வேண்டாம், யாராவது ஒருவர் போனோடு அந்த முனையைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் போதும். அப்போதும் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக வரையாதீர்கள். அதே கோட்டின் புள்ளிகளைத் தடத்துக்கு நகர்த்துங்கள், முனை முன்பு எங்கே இருந்தது என்பது அதன் வரலாற்றிலேயே கிடக்கும்.