ஐந்து நிமிட ஓட்டத்துக்கு மூன்று நாள் தயாரிப்பு

அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டு, ரேடியோ ரிமோட்டால் ஓட்டப்படும் மின்சார ஆர்.சி. டூரிங் கார்ப் போட்டியில் ஓர் ஓட்டம் பொதுவாக ஐந்தே நிமிடந்தான். வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை தகுதிச்சுற்றுகள், ஞாயிற்றுக்கிழமை இறுதிச்சுற்றுகள் என்று மூன்று நாள் நீளும் போட்டியில்கூட, உங்கள் கார் தடத்தில் ஓடும் மொத்த நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் இருக்கும். மீதி நேரம் முழுவதும், காரைப் பிரித்துச் சரிசெய்யும் பிட் மேசையில் கழிகிறது. கிளப் தடத்தில் சில காலம் ஓட்டிப் பழகிவிட்டு முதன்முறையாக வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் அவர்களைப் பின்னுக்குத் தள்ளுவது பிட் மேசையில் நடக்கும் சிறு தவறுகளும், தடத்தில் ஒரு முறை கவிழ்வதும்தான்.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஒரு சுற்றுக்கு 15 விநாடி ஆகும் தடத்தில் ஐந்து நிமிடத்துக்கு 20 சுற்றுகள் வரும். நேரம் முடியும்போது ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்துக்கொள்ளலாம் என்பதால், முடிவு ‘20 சுற்று, 5 நிமிடம் 4 விநாடி’ என்ற வடிவில் பலகையில் வரும். காரைச் செம்மைப்படுத்திச் சுற்றுக்கு 0.2 விநாடி மிச்சப்படுத்தினால் 20 சுற்றுக்கு 4 விநாடி லாபம். அதுவே பெரிய முன்னேற்றம். ஒரு முறை ஓரத்தில் இடித்துக் கவிழ்ந்து, தடத்தோரம் நிற்கும் உதவியாளரான மார்ஷல் ஓடிவந்து நிமிர்த்திவைக்கும் வரை காத்திருந்தால் அந்த 4 விநாடியும் போய் அதற்கு மேலும் போய்விடும். ஆகவே முதல் போட்டியில் நீங்கள் தேட வேண்டியது அதிவேகமான ஒரு சுற்றை அல்ல. இருபது சுற்றும் ஒரே மாதிரி ஓட்டக்கூடிய ஒரு காரை.

கிளம்பும் முன் விதிப்புத்தகத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். உங்கள் பிரிவு எது என்பது மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றப்பட்டிருக்கிறது என்ற எண்ணால் முடிவாகிறது: 17.5 அல்லது 13.5 சுற்று என்றால் ‘ஸ்டாக்’ வகை, கட்டுப்பாடற்றது ‘மாடிஃபைட்’. பல ஸ்டாக் பிரிவுகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை ‘பிளிங்கி’ நிலையில், அதாவது மின்னணு டைமிங் எதுவும் சேர்க்காமல், அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். காரின் அகலம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. குறைந்தபட்ச எடை பெரும்பாலும் 1,300 கிராமை ஒட்டி வகுக்கப்பட்டிருக்கும். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 8.40 வோல்ட்டைத் தாண்டினால் தொழில்நுட்பச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த டயர், பிடிப்புக்காக டயரில் தடவும் அடிட்டிவ் எது என்பதையும் அமைப்பாளர்களே முடிவுசெய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இது எனக்கு உவப்பானதே. டயர் பெட்டியோடு வந்து பணத்தால் ஜெயிப்பது குறைந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மேசையைப் பிடித்தவுடன் டிரான்ஸ்பாண்டர் எண்ணைப் பதிவுசெய்யுங்கள்; கார் கோட்டைக் கடப்பதைக் கணினிக்குச் சொல்லும் சிறு கருவி அது. காரில் அது சரியாகப் பொருத்தப்படவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு ஓடினாலும் கணினிக்கு நீங்கள் இல்லாதவர். பிறகு தடத்தைக் கார் இல்லாமல் ஒரு முறை நடந்து பாருங்கள், ஓட்டுநர் மேடையில் ஏறியும் நின்று பாருங்கள். தரையில் தெளிவாகத் தெரியும் வளைவு, மேடையிலிருந்து பார்க்கும்போது வேறு வடிவம் கொள்ளும். தூரத்து மூலையில் கார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே சில சமயம் புரியாது. அதனால்தான் மேற்கூட்டின் வண்ணத்தைப் பளிச்சென்று, முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியும்படி தீட்டச் சொல்கிறார்கள். கறுப்பில் அழகாக இருக்கும் கார், தார்த் தடத்தில் காணாமல் போய்விடும்.

பயிற்சியில் ஓர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். ஸ்பிரிங்கையும், வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ரோல் பாரையும், டிஃப்ரென்ஷியல் எண்ணெயையும் ஒன்றாக மாற்றிவிட்டு, கார் நன்றாக ஓடினால் எதனால் என்று தெரியாது. மோசமாக ஓடினாலும் தெரியாது. தரையிலிருந்து சேஸியின் (அடித்தட்டின்) உயரம் 5 மி.மீ.யைச் சுற்றியே இருக்கட்டும். பின்சக்கரங்களுக்கு 3 பாகை டோ (சக்கரங்களின் முன்நுனி உள்நோக்கித் திரும்பியிருப்பது), நான்கு சக்கரங்களுக்கும் 1.5 முதல் 2 பாகை காம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) என்பது பெரும்பாலான கார்களுக்குப் பாதுகாப்பான தொடக்கம். வளைவில் நுழையும்போது பின்பக்கம் வீசினால், முதலில் பின்பக்க ரோல் பாரை மெல்லியதாக்குங்கள் அல்லது பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். முன்பக்கம் திரும்பாமல் அகன்று போனால் முன்பக்கத்தில் அதையே செய்யுங்கள். பிடிப்பு அளவுக்கு மீறி ஏறிவிட்டதால் கார் வளைவில் இரண்டு சக்கரத்தில் எழும்பிக் கவிழ்கிறது என்றால், விதி அனுமதிக்கும் இடங்களில், முன் டயர்களின் வெளிப்பக்கச் சுவரில் ஃபெவிக்விக் வகைப் பசையை மெல்லிய கோடாகத் தடவிக் காயவிடுவார்கள். கம்பளத் தடங்களில் இது அன்றாட வேலை.

கியர் விகிதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோட்டார் கருகுவது இங்கேதான். பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரின் பற்களை, மோட்டார் தண்டில் இருக்கும் சிறிய பற்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்து, காரின் உள்விகிதத்தால் (அந்த மாடல் காருக்கே உரிய நிலையான எண்) பெருக்க வேண்டும். ஸ்பர் 96, பினியன் 40, உள்விகிதம் 1.9 என்றால் மொத்த விகிதம் 4.56. பினியனில் ஒரு பல் கூட்டினால் அது 4.45 ஆக இறங்கும். நேர்கோட்டில் வேகம் கூடும், மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். ஓட்டம் முடிந்து கார் கைக்கு வந்த கணமே வெப்பமானியால் மோட்டாரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறைப்பதே புத்திசாலித்தனம். 2008ஆம் ஆண்டு இந்தப் பிரிவின் உலகப் போட்டி பாங்காக்கில் நடந்தது. ஜெர்மனியின் மார்க் ரைனார்ட் வென்றார். அப்படிப்பட்ட வெயிலூர்களில் காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த பினியன் பிற்பகல் இரண்டு மணிக்குச் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. தடம் கொதிக்கும்போது டயர்களும் மூன்றாவது நிமிடத்திலேயே பிடிப்பை இழக்கத் தொடங்கும்.

இனி பிட் மேசைக்கு வருகிறேன். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் ஒரே வரிசையில் சோதிக்கும் பழக்கம் வேண்டும். மேற்கூட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் மணலைத் தட்டுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ‘டிக்’ என்ற சிறு சத்தம் வந்தால் எங்கோ ஒரு பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது அல்லது ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக் காதைக் கிட்டே வையுங்கள். கியர்களுக்கிடையில் ஒரே ஒரு மணல் துகள் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நறுக்கென்று கேட்கும். பினியனை மாற்றியிருந்தால், மெல்லிய காகிதத் துண்டை இரண்டு கியருக்கும் நடுவே விட்டு மோட்டாரை அழுத்தித் திருகை முடுக்கி, காகிதத்தைச் சுழற்றி வெளியே எடுங்கள். கிழியாமல், மடிப்பு மடிப்பாகத் தடம் பதிந்து வந்தால் இடைவெளி சரி. கடைசியில் நான்கு சக்கர நட்டுகளையும் முடுக்குங்கள். என் முதல் பெரிய போட்டியில் இரண்டாம் தகுதிச்சுற்றுக்கு முன் நான்காவது நட்டை முடுக்கும்போது யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். மூன்றாவது சுற்றில் என் இடது பின்சக்கரம் காரை முந்திக்கொண்டு தனியாக ஓடியது. மேடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

லிப்போ பேட்டரியைத் தீப்பிடிக்காத பைக்குள் வைத்து மட்டுமே சார்ஜ் செய்யுங்கள். அப்போது மேசையைவிட்டு அகலாதீர்கள். உங்கள் ஓட்டத்துக்குச் சில நிமிடம் முன் சார்ஜ் முடியும்படி கணக்கிட்டால் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்.

தகுதிச்சுற்றில் எல்லாரும் ஒன்றாகப் பாய்வதில்லை. எண்ணைச் சொல்லி ஒவ்வொருவராக விடுவார்கள். நீங்கள் கோட்டைக் கடக்கும் கணத்தில் உங்கள் கடிகாரம் தொடங்கும். எனவே முன்னால் போகிறவரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அவர் உங்களைவிட வேகம் என்றால் வழிவிட்டு அவர் பின்னாலேயே போங்கள், ஓட்டுக் கோடும் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம். உலகப் போட்டி முதலிய பெரிய போட்டிகளில் ஒவ்வொரு தகுதிச்சுற்றுக்கும் புள்ளி உண்டு: முதலாமவருக்கு 0, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 3 என்று போகும், குறைந்த புள்ளி பெற்றவர் முன்வரிசை. மோசமான தகுதிச்சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள் என்பதால் ஒரு தகுதிச்சுற்று பாழானால் மனம் தளர வேண்டியதில்லை.

உங்கள் ஓட்டம் முடிந்ததும் ரிமோட்டை வைத்துவிட்டு அடுத்த குழுவுக்கு மார்ஷலாக நிற்க வேண்டும். போகாவிட்டால் உங்கள் சிறந்த தகுதிச்சுற்றையே பறிக்கும் போட்டிகளும் உண்டு. நிற்கும்போது கைப்பேசியைப் பையில் போடுங்கள். வரும் கார்களைப் பார்த்த பிறகே தடத்தில் கால் வையுங்கள். கவிழ்ந்த காரைத் தூக்கி, அது போக வேண்டிய திசையில் வைத்துவிட்டு உடனே விலகுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச்சுற்றில் பத்துக் கார்கள் வரிசையாக நின்று ஒரே ஒலிக்குக் கிளம்பும். மூன்று ஓட்டங்களில் சிறந்த இரண்டே கணக்கில் வரும். முதல் வளைவில் முன்னால் இருவர் மோதிக்கொள்வார்கள் என்றே எதிர்பாருங்கள். அரை விநாடி முன்னதாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அந்தக் குழப்பத்தின் ஓரமாக நுழைந்து இரண்டு இடங்கள் மேலே போகலாம். பின்னால் வந்து யாரையாவது இடித்து இடம் பிடித்தால், அவர் மீண்டும் முன்னால் போகும் வரை காத்திருங்கள். நடுவர் சொல்லுமுன் நீங்களே நின்றால் தண்டனை பெரும்பாலும் வராது, அடுத்த போட்டியில் அவரும் உங்களுக்காக நிற்பார்.

மூட்டை கட்டும்போது பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வையுங்கள். விமானத்தில் வந்திருந்தால் அவற்றைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 7.4 வோல்ட், 6,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 44.4 வாட் மணிதான் என்பதால் 100 வாட் மணி என்ற பொது வரம்புக்குள் அடங்கும். முனைகளில் மட்டும் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.